வைக்கோல் பெட்டியில் வெந்த சோறு

அறுபதுகளில், கல்யாணமாகிக் கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்த புதிதில், டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வேண்டுமென்று எனக்கு வெறியே பிடித்திருந்தது. வகுப்பு பத்து மணிக்கு. கோர்ட்டில் குமாஸ்தாவான மாமனார் சாப்பிட வருவது ஒரு மணிக்கு. மாமியாருக்கு அடுப்புப் புகை ஆகாது, இழுப்பு வந்துவிடும். நான் போய்விட்டால் யார் சமைப்பது?

"அவுங்களுக்குச் சோறு சுடச்சுட இருக்கணும். அது மட்டும் நடந்தா நீ தாராளமா போ," என்றார் அத்தை. நடக்காது என்ற தைரியம் அவருக்கு.

நான் விடுவேனா? சிதம்பரத்தில் என் அக்கா ஒரு வித்தை செய்துகொண்டிருந்தாள். மழைக்காலத்தில் ஈர விறகோடு மல்லுக்கட்ட முடியாமல் கண்டுபிடித்தது. உலையில் அரிசி கொதித்துக் கொஞ்ச நேரம் ஆனதும் பானையை மூடி, வைக்கோல் திணித்த பெட்டிக்குள் இறக்கிவிடுவாள். மிச்சத்தை உள்ளிருக்கும் சூடே வேகவைத்துவிடும். விறகும் பாதி மிச்சம்.

மளிகைக் கடையில் ஒரு காலித் தேயிலைப் பெட்டி வாங்கி வந்தேன். வைக்கோலை அடைத்தேன். வகுப்பில் சேரும் முன் ஒரு ஒத்திகையாக, மறுநாள் காலையிலேயே உலை வைத்து, கொதிக்கக் கொதிக்கப் பானையை உள்ளே இறக்கி, மேலே தலையணையை அமுக்கி, அடுப்பை அணைத்துவிட்டேன்.

"நெருப்பே இல்லாம எப்பிடி வேவும்? ஒரு தடவ தொறந்து பாக்கலாமே," என்று அத்தை பெட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார். திறந்தால் சூடு போய்விடும். பேசாமல் பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

ஒரு மணிக்குத் திறந்தேன். ஆவி முகத்தில் குப்பென்று அடித்தது. வெந்துவிட்டது! துள்ளிக் குதித்தேன். கரண்டியை விட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. வடிக்கிற பழக்கத்தில் பானை நிறையத் தண்ணீர் ஊற்றியிருந்தேன். பெட்டிக்குள் போனதை எங்கே வடிப்பது? அத்தனையும் குழைந்து கூழாகக் கிடந்தது.

மாமா ஒரு வாய் வைத்தார். "ஸ்ஸ்... ஆ! இன்னா இது, சோறா கஞ்சியா?"

டைப்ரைட்டிங் போச்சு என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அத்தை என் பக்கம் திரும்பவில்லை. மாமாவைத்தான் கேட்டார்: "அத வுடுங்க. சுட்டுச்சா, இல்லியா?"

"நாக்கே வெந்துபோச்சு, கேக்குறியே!"

அத்தை சிரித்தபடி என்னிடம் சொன்னார்: "நாளைக்குத் தண்ணிய நான் அளந்து ஊத்தறேன். நீ நேரத்தோட கெளம்பு."