எனக்கு மட்டும் கேட்காத குரல்

“அந்த லாரிக்குக் குடுக்குற காதுல கால்வாசி எனக்குக் குடுத்தா என்ன, குறைஞ்சா போயிடும்?” என்று ஒரு நாள் என் கணவரிடம் கேட்டேன்.

“லாரி அப்பப்ப நின்னு போகுது. அதனால என்ன ஏதுன்னு கேக்க வேண்டியிருக்கு. நீ எங்க நிக்கிற?” என்றார்.

சண்டை போடத்தான் போயிருந்தேன். சிரித்துவிட்டேன். அதற்குள் அவர் போனைக் காதில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் இரு என்று எனக்குக் கையைக் காட்டிவிட்டார். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் நான் அதிகம் பார்த்தது அந்தக் கையைத்தான்.

இனி நான் சொல்லப்போவது நடந்தது. ஜோடித்துச் சொல்லவில்லை. ஜோடிப்பதாக இருந்தால் எனக்கு ஆறுதலாக ஒரு முடிவை ஜோடித்துக்கொண்டிருக்க மாட்டேனா? என் நாத்தனார் இதற்குச் சாட்சி. பேய் என்றால் கேலி செய்கிறவள் அவள். இப்போது செய்வதில்லை.

என் கணவர் டீசல் மெக்கானிக். வீட்டுக்கு முன்னால் தகரக் கொட்டகை போட்டு, அதுதான் பட்டறை. ஊரில் அவருக்குக் ‘காதுக்காரர்’ என்று பெயர். எங்கோ ஒரு சாலையில் லாரி மக்கர் செய்யும். டிரைவர் அங்கிருந்து போன் போட்டு, இன்ஜினுக்குப் பக்கத்தில் பிடிப்பார். இவர் இங்கே கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். அப்புறம் ஒவ்வொரு கேள்வியாக, நிதானமாக, கேள்விக்கு முன்னால் ஒரு சின்ன இருமலோடு கேட்டு, கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார். பாதிப் பேருடைய முகத்தைக்கூட அவர் பார்த்ததில்லை.

அப்படி ஒரு போனில் பேசிக்கொண்டிருந்தபோதுதான் போய்ச் சேர்ந்தார்.

காலை பத்து மணி இருக்கும். அவர் கொட்டகையில். நான் சமையலறையில் மிக்ஸி ஓட்டிக்கொண்டிருந்தேன். நடுவில் இருபதடி தூரமும் ஒரு சுவரும். பக்கத்து வெல்டிங் கடைக்காரர் ஓடிவந்து என் தோளைத் தட்டிய பிறகுதான் மிக்ஸியை நிறுத்தினேன். நெஞ்சுவலி. போன் அவர் கையிலேயே இருந்தது. லைன் கட்டாகியிருந்தது.

கடைசியாக வந்த அழைப்பில் பெயர் இல்லை. வெறும் எண்.

அந்த எண்ணை நான் தினமும் எடுத்துப் பார்த்தேன். என் மனசில் ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அவர் என்னைக் கூப்பிட்டாரா? மிக்ஸி இரைச்சலில் எனக்குக் கேட்டிருக்காது. கேட்டிருந்தால் அந்த டிரைவர் ஒருவருக்குத்தான் கேட்டிருக்கும். எத்தனையோ தடவை அந்த எண்ணை அழுத்தப் போவேன். விரல் நின்றுவிடும். கூப்பிட்டார் என்று சொன்னால், போகாமல் இருந்துவிட்டேனே என்று சாகும்வரை அழ வேண்டும். கூப்பிடவில்லை என்று சொன்னால்... அதையும் என்னால் தாங்க முடியாது.

அதனால் கேட்கவில்லை. ஆனால் போனை அணைக்கவும் இல்லை. தினமும் சார்ஜ் போட்டு, தலைமாட்டில் வைத்துக்கொண்டேன்.

துணைக்கு வந்து தங்கியிருந்த நாத்தனார் இதைப் பார்த்துப் பார்த்துப் பொறுக்காமல், “அண்ணி, இப்படி அடை காக்குறீங்களே, அதென்ன குஞ்சா பொரிக்கப் போகுது? கனெக்‌ஷனைக் கட் பண்ணிட்டு மனசை ஆத்திக்கிற வழியைப் பாருங்க,” என்பாள். சொல்லிவிட்டு அவளே போய் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டு வைப்பாள்.

ஒன்றரை மாதம் போயிற்று.

அன்று மத்தியானத்திலிருந்தே மழை. கரண்ட் இல்லை. போனுக்குச் சார்ஜ் போட முடியவில்லை. சாயங்காலம் இருட்டிவிட்டது. நாத்தனார் சமையலறையில் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருந்தாள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன்.

ஆறு ஐம்பத்திரண்டு. போன் அடித்தது.

அந்த எண்.

என் கை தானாகப் போய் எடுத்தது. ‘ஹலோ’ சொல்வதற்கு முன்னால் இன்ஜின் சத்தம் காதில் மோதியது. சீராக ஓடிக்கொண்டிருந்தது. பிறகு ஒரு திணறல். இன்னொன்று. குரல்வளையைப் பிடித்த மாதிரி இழுத்து... இழுத்து... டக் என்று நின்றது.

அந்தப் பக்கமும் மழை.

“கேட்டீங்களாண்ணே? இப்படித்தான். கொஞ்ச நேரம் ஓடுது, நின்னுடுது. ஆறப் போட்டா மறுபடி ஸ்டார்ட் ஆகுது. லோடோட நடு ரோட்டுல நிக்கிறேண்ணே.”

அவர் இல்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

“ஆமாண்ணே,” என்றார் டிரைவர்.

நான் எதுவும் சொல்லவில்லையே?

மழைச் சத்தம். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை.

“ஃபில்டர் ரெண்டும் புதுசுண்ணே.”

மறுபடி மழை.

“டீசல் பைப்புல இருந்த ஏர் எடுத்தாச்சு. பம்ப்பைக்கூடக் கழட்டி மாட்டிட்டாங்க.”

வேறு யாருடைய லைனோ கலந்துவிட்டது என்று நினைத்தேன். போனைக் காதோடு அழுத்தினேன். எவர் குரலும் இல்லை. ஒரு கேள்வி வந்து முடிகிற அளவுக்கு இடைவெளி. அதற்குப் பிறகு டிரைவரின் பதில். மறுபடி இடைவெளி.

அந்த இடைவெளி எனக்குத் தெரியும்.

ஒரு சின்ன இருமல்... ஒரு கேள்வி... அவ்வளவு நீளம்தான். இருபத்தாறு வருஷம் அடுத்த அறையிலிருந்து அதைக் கேட்டவள் நான்.

“என்னங்க...” என்றேன். காற்றுதான் வந்தது, சத்தம் வரவில்லை.

புடவைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டேன். சத்தமே இல்லாமல் உடம்பு குலுங்கியது.

“சரிண்ணே,” என்றார் டிரைவர். குரல் சட்டென்று தணிந்திருந்தது. “பரவால்லண்ணே. நான் லைன்லயே இருக்கேன்.”

யாரும் பேசவில்லை.

அங்கே வண்டிகள் கடந்து போயின. டிரைவர் மூச்சு விடுவது கேட்டது. எதற்கோ காத்திருந்தார்.

எதற்கு?

முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

உடனே, “சொல்லுங்கண்ணே,” என்றார்.

தண்ணீரில் சளக் சளக் என்று காலடி. இரும்பு உரசும் சத்தம்... எதையோ திருகுகிறார்... அப்புறம்,

உஸ்ஸ்ஸ்ஸ்...

நீளமாக. மூச்சை அடக்கியிருந்த யாரோ ஒருவர் ஒரேயடியாக உள்ளே இழுப்பதுபோல.

போன் இருண்டது. சார்ஜ் தீர்ந்துவிட்டது.

ஆறு ஐம்பத்தெட்டு.

அறை வாசலில் வெளிச்சம். நாத்தனார் மெழுகுவத்தியோடு நின்றாள். உருகின மெழுகு அவள் விரலில் வழிந்துகொண்டிருந்தது. அவள் கையை உதறவில்லை.

“யாரு அண்ணி?”

“ராங் நம்பர்.”

அவள் உள்ளே வரவில்லை.

“ராங் நம்பர்கிட்டயா அண்ணன் பேசிக்கிட்டிருந்தாரு?”

அன்று இரவு நாங்கள் இரண்டு பேரும் ஒரே கட்டிலில் படுத்தோம். தூங்கவில்லை. இருமலும் பேச்சுமாக அவளுக்குச் சமையலறை வரைக்கும் கேட்டதாம். என்ன பேசினார் என்று புரியவில்லையாம், ஆனால் அவர்தானாம். எட்டரைக்குக் கரண்ட் வந்ததும் போனை உயிர்ப்பித்து, அந்த எண்ணுக்கு முதல் முறையாக நானே போன் செய்தேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. விடியும்வரை அதையேதான் சொன்னது.

காலை ஏழு மணிக்கு வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. செங்கல் லோடு. இன்ஜின் சீராக ஓடிக்கொண்டிருந்தது. முப்பது முப்பத்தைந்து வயது டிரைவர் ஒருவர், கையில் ஒரு பை ஆப்பிளோடு இறங்கி வந்து, மூடியிருந்த கொட்டகையைப் பார்த்தார். அப்புறம் எங்களைப் பார்த்துச் சிரித்தார்.

“அண்ணன் இன்னும் எந்திரிக்கலையா அண்ணி? நேத்துச் சாயங்காலம் என்னால அவருக்கு ரொம்பச் சிரமம். முகத்தைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுட்டுப் போயிடுறேன்.”

நாத்தனார்தான் சொன்னாள்.

“அண்ணன் போயி ஒன்றரை மாசமாச்சுங்க.”

“எந்த ஊருக்கு?” என்றார் அவர்.

எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். ஆப்பிள்கள் உருண்டு ஓடின. யாரும் குனியவில்லை.

தண்ணீர் குடித்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். ஒன்றரை மாதத்துக்கு முன்னால், இதே கோளாறுக்குத்தான் முதல் முறை போன் செய்தாராம். பேச்சு பாதியில் நின்று, லைன் கட்டாகிவிட்டதாம். சிக்னல் போய்விட்டது என்று நினைத்தாராம். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. வேகமாகத் தாண்டிப் போனார். அப்புறம் முதலாளி வண்டியைப் பெரிய பட்டறைகளில் விட்டு என்னென்னவோ மாற்றிப் பார்த்தாராம். எதுவும் சரியாகவில்லை. நேற்று மழையில் சாலை நடுவே நின்றுபோன போது, பழைய எண்ணை அழுத்தினாராம். உடனே என் கணவர் எடுத்துவிட்டாராம். ‘யாரு’ என்று கேட்கவில்லை. என்ன வண்டி என்று கேட்கவில்லை. அன்றைக்கு விட்ட இடத்திலிருந்து, நேற்றுத்தான் பேசியதுபோல ஆரம்பித்தாராம்.

கோளாறு டீசல் டேங்க் மூடியில் இருந்தது. மழைத் தண்ணீர் உள்ளே இறங்கக் கூடாது என்று டிரைவரே மூடிக்கு அடியில் பிளாஸ்டிக் தாளை இறுக்கிக் கட்டியிருக்கிறார். டீசல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும். போக வழியில்லை. டேங்க் டீசலை விடாமல் பிடித்துக்கொள்கிறது, இன்ஜின் திணறி நிற்கிறது. சும்மா விட்டால் எங்கிருந்தோ கொஞ்சம் காற்று கசிந்து, மறுபடி கிளம்புகிறது. தாளைக் கிழித்தெறியச் சொன்னாராம். கிழித்த பிறகும் விடாமல், கால் மணி நேரம் வண்டி நிற்காமல் ஓடுகிறதா என்று லைனிலேயே இருந்து கேட்டாராம்.

“கால் மணி நேரமா?” என்றாள் நாத்தனார்.

“அதுக்கு மேலயே இருக்கும்க்கா. ஏழேகால் தாண்டிடுச்சு.”

இங்கே போன் ஆறு ஐம்பத்தெட்டுக்கே அணைந்துவிட்டது. என் கையிலேயே.

நான் மெல்லக் கேட்டேன். நடுவில் ஏன் பேசாமல் இருந்தீர்கள், எதற்குக் காத்திருந்தீர்கள் என்று.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்தார். கண் விரிந்தது.

“அது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“நீங்க சொல்லுங்க,” என்றேன்.

“அண்ணன்தான் இருக்கச் சொன்னாரு. ‘கொஞ்சம் இரு தம்பி, உங்க அண்ணி பக்கத்துல உக்காந்து அழுவுறா, அவ முடிக்கட்டும்’னாரு.”

இருட்டு அறை. வாயில் துணி. என் அழுகை எனக்கே கேட்கவில்லை.

அவர் உயிரோடு இருந்தவரை எந்த லாரியையும் எனக்காகக் காத்திருக்க வைத்ததில்லை.

டிரைவர் எழுந்தார். போய் வருகிறேன் என்றுகூடச் சொல்லாமல் கேட்டை நோக்கி நடந்தார். இனி இந்தத் தெருவுக்கே வரமாட்டார் என்று அந்த நடையிலேயே தெரிந்தது.

நான் ஓடிப்போய்க் கேட்டைப் பிடித்துக்கொண்டேன்.

“தம்பி.”

நின்றார். திரும்பவில்லை.

“முதல் தடவை போன் பண்ணீங்களே... லைன் கட்டாகுறதுக்கு முன்னாடி, கடைசியா அவர் வாயிலேர்ந்து என்ன வந்துச்சு? நான் தாங்குவேனா மாட்டேனான்னு பார்க்காதீங்க. ஒரு வார்த்தை விடாம எனக்குச் சொல்லிட்டுப் போங்க.”