திரும்பச் சொல்லும் விரல்

எனக்கு மூச்சு அதிகம். பெருமைக்காகச் சொல்லவில்லை; தண்ணீருக்கு அடியில் அது ஒரு குற்றம். ஆலங்குடியில் முந்திரிக் கடை வைத்திருக்கும் நான், பேசித்தான் மூச்சைச் செலவழிக்கிறேன் என்று நினைத்திருந்தேன். கோட்டைப்பட்டினத்துக் கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு பழைய சரக்குக் கப்பல்தான் என் மூச்சை அளந்து காட்டியது. "மேல இருக்கயில மூச்சு விடாமப் பேசுற. கீழ போயி மொத்தமா விடுறியாக்கும்" என்பார் என் வீட்டுக்காரர். அவருக்குக் கடல் என்றால் கரையில் உட்கார்ந்து சுண்டல் தின்பதோடு சரி.

எங்கள் குழு மூன்று பேர். அண்ணன் என்று நான் கூப்பிடுகிறவர் கோட்டைப்பட்டினத்துக்காரர். என்னைவிட இரண்டு வயதுதான் மூப்பு. இருபது வருடம் வளைகுடா நாடுகளில் கப்பல்களுக்கு அடியில் முங்கி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவர். இன்னொருத்தி புதுக்கோட்டையில் பல் டாக்டர், என்னைவிடச் சின்னவள். மூழ்கிய கப்பல்களுக்குள் நுழைவதற்கான பயிற்சியை மூன்று பேரும் ஒன்றாக முடித்தோம். அதற்குப் பிறகு சனி ஞாயிறு கிடைத்தால் படகேறிவிடுவோம்.

சித்திரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். இழுவலை ஓடாததால் கடலடிச் சேறு அவ்வளவாகக் கலங்காது. போன வருடம் அந்த நாட்களில்தான், தெரிந்த நாட்டுப்படகுக்காரர் ஒருவர் எங்களைக் கப்பல் கிடக்கும் இடத்துக்குக் கூட்டிப்போனார். அதற்கு முன்பும் மூன்று முறை போயிருக்கிறோம். அந்தக் கப்பலின் எஞ்சின் அறையைப் பார்த்துவிட வேண்டும் என்பது எங்கள் ஆசை. மூன்று முறையும் பார்க்காமலே திரும்பியிருந்தோம். மூன்று முறையும் காரணம் நான்.

கப்பல் ரொம்ப ஆழத்தில் இல்லை, ஒரு தென்னை மர உயரம் இருக்கும். ஆனால் நாங்கள் போவது அதன் வயிற்றுக்குள். உடைந்த பக்கவாட்டில் நுழைந்து, சரக்கு அறையைக் கடந்து, ஒரு இடுக்கு வழியாகப் போனால் எஞ்சின் அறை. தலைக்கு மேலே இரும்பு என்பதால் அவசரம் என்றாலும் நேராக மேலே ஏற முடியாது, போன வழியேதான் வர வேண்டும். அதற்காக முதலில் போகிறவர் ஒரு ரீலிலிருந்து நூலை விட்டுக்கொண்டே போவார். சேறு கிளம்பிக் கண் தெரியாமல் போனாலும் அந்த நூலைத் தடவிக்கொண்டே வெளியே வந்துவிடலாம்.

காற்றுக்கும் கறாரான பங்கீடு உண்டு. முதுகில் இரட்டைச் சிலிண்டர். அதில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, மூன்றாவது பங்கு கூட வருகிறவருக்கு ஏதாவது ஆனால் கொடுப்பதற்கு. யாருக்கு முதல் பங்கு முதலில் தீர்கிறதோ அவர் விரலைச் சுழற்றிக் காட்ட வேண்டும். உடனே மூன்று பேரும் திரும்ப வேண்டும். மற்றவர்களிடம் எவ்வளவு மிச்சமிருந்தாலும் சரி, ஏன் எதற்கு என்ற கேள்வி கிடையாது. அந்த விரல் எப்போதும் என் விரலாகத்தான் இருந்தது.

அந்தச் சித்திரைச் சனிக்கிழமை இரண்டு தடவை இறங்கினோம். அண்ணன் நூலோடு முன்னால், டாக்டர் நடுவில், நான் கடைசி. காலையில் சரக்கு அறையின் பாதியிலேயே என் முதல் பங்கு தீர்ந்தது. மத்தியானம் இடுக்கின் வாசல் வரை போய்விட்டோம். அண்ணனின் விளக்கு உள்ளே எதன் மீதோ பட்டு மினுங்கியது. நான் காற்று மீட்டரைப் பார்த்தேன். இன்னும் கொஞ்ச நேரம் விரலைக் காட்டாமல் இருந்துவிடலாமா என்று ஒரு திருட்டு யோசனை வந்தது. பிறகு விரலைச் சுழற்றினேன். அண்ணன் ஒரு நொடிகூடத் தயங்காமல் திரும்பினார். அவர் தயங்கியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

படகில் ஏறியதும் படகுக்காரர் என்னைப் பார்த்து, "இன்னைக்கும் நீங்கதானா?" என்றார். மனுஷர் கெட்டவரில்லை. அவரைப் பிடித்துக் கடலில் தள்ளலாம் போல இருந்தது.

சாயங்காலம் கரையில் உட்கார்ந்து சாமான்களை நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். "நாளைக்கு நான் படகுலயே இருந்துக்கிறேண்ணே. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க." கேட்கிறவர்களுக்குப் பெருந்தன்மை போலத் தெரிந்திருக்கும். ஆனால் படகில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் நான் இந்தக் குழுவில் இல்லை என்று எனக்குத் தெரியும்.

"மூணு பேரா எறங்குறது. இல்லாட்டி எறங்கவே வேணாம்" என்றார் அண்ணன், தலை நிமிராமல்.

டாக்டர் கழுவிய முகமூடியைக் கீழே வைத்தாள். பிறகு, "அக்கா, தண்ணிக்குள்ள ஒங்க கை சும்மாவே இருக்க மாட்டேங்குது. நான் திரும்பிப் பாக்குறப்பல்லாம் அலைபாயுது" என்றாள். "பல்லு புடுங்கிக்க வாரவங்களுக்குக் கையில ஒரு துணியச் சுருட்டிக் குடுப்பேன். கைக்குப் புடிமானம் கெடைச்சா மூச்சு தானா அடங்கிரும். அதோட, கடைசியா வாரவங்களுக்குத்தான் எங்க ரெண்டு பேரு கௌப்புற சேறும். கண்ணு தெரியாம எங்களத் தொரத்துறீங்க, அதான் மூச்சு வாங்குது. நாளைக்கு நூல அக்கா கையில குடுங்கண்ணே."

அண்ணன் கழுவிக்கொண்டிருந்த ரீலை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். இத்தனை வருடத்தில் அவர் யாருக்குப் பின்னாலும் நீந்தியதில்லை. எனக்கோ சுருக்கென்றது, பயந்த நோயாளிகளோடு என்னையும் சேர்த்துவிட்டாளே. நல்ல பதிலாக ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. அதற்குள் அண்ணன் ரீலை என் மடியில் வைத்துவிட்டார். "முடிச்சு தளரக் கூடாது, தங்கச்சி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை நான் முன்னால் இறங்கினேன். உடைந்த வாசலில் முதல் முடிச்சைப் போட்டு, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறையும் இழுத்துப் பார்த்தேன். இடது கையில் ரீல், வலது கையில் விளக்கு. நூல் தளராமல் விட வேண்டும், எங்கே சுற்றிக் கட்டலாம் என்று பார்க்க வேண்டும். மூச்சைப் பற்றி நினைக்கவே நேரமில்லை. எனக்கு முன்னால் யாரும் நீந்தாததால் தண்ணீர் கலங்காமல் இருந்தது. இத்தனை நாள் சேற்றுப் புகையாகவே எனக்குத் தெரிந்த சரக்கு அறைக்குச் சுவரும் கூரையும் இருப்பதை அன்றைக்குத்தான் கண்டேன். ஒரு களவாய் மீன் ஓரமாக நின்று என்னைப் பார்த்தது.

இடுக்கின் வாசலில் மீட்டரைப் பார்த்தேன். நம்பாமல் முகமூடிக் கண்ணாடிக்கு அருகில் கொண்டுவந்து இன்னொரு தடவை பார்த்தேன். முதல் பங்கில் இன்னும் நிறைய இருந்தது.

உள்ளே போனேன். எஞ்சின் நின்றுகொண்டிருந்தது. சிப்பி அப்பிய அதன் இரும்புத் தலைகள், ஆட்டுக்கல்லை வரிசையாகக் கவிழ்த்து வைத்தது போல இருந்தன. என் உள்ளங்கையை முதல் தலையின் மேல் வைத்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷம். வாயில் மட்டும் அந்த மூச்சுக்குழாய் ரப்பர் இல்லையென்றால் கத்தியிருப்பேன். டாக்டர் வந்து என் கைக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். பிறகு சேற்றுக்குள்ளிருந்து அண்ணனின் கை வந்தது. மூன்று கைகளும் கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தன.

எஞ்சினுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசை வந்தது. காற்றும் இருந்தது. ரீலை எடுத்துக்கொண்டு ஒரு உதை உதைத்தேன். அப்போது ஒரு வெளிச்சம் என் முன்னால் வட்டமடித்தது. நின்று திரும்பிப் பார்த்தேன். அண்ணன் தன் விளக்கைத் தன் கை மீதே அடித்துக்கொண்டு விரலைச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

எனக்குப் புரியவே ஒரு நொடி ஆயிற்று. பிறகு அவர் முந்தின நாள் திரும்பியது போலவே நானும் திரும்பினேன். அவர் முன்னால் போக, நான் கடைசியாக நூலைச் சுற்றிக்கொண்டே வந்தேன். முடிச்சு எதுவும் தளர்ந்திருக்கவில்லை.

படகில் ஏறியதும் படகுக்காரர் வழக்கம்போல என்னைப் பார்த்தார். "என்ன, இன்னைக்கும் நீங்கதானா?"

நான் வாயைத் திறப்பதற்குள், முகமூடியைக்கூடக் கழற்றாமல் அண்ணன் கையைத் தூக்கினார். "நான்" என்றார். "கடைசில வந்தா இம்புட்டு மூச்சு வாங்கும்னு எனக்குத் தெரியாம போச்சு. தங்கச்சிக்கு இன்னும் காத்து இருந்துச்சு."

கரை வந்து சேரும் வரை நான் ஒரு வார்த்தை பேசவில்லை. டாக்டர் இரண்டு முறை என்னைத் திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஏதும் முடியவில்லையா என்று கேட்டாள். ஆலங்குடியில் என் வீட்டுக்காரர் காத்திருந்தார். அவருக்காக மொத்த மூச்சையும் மிச்சம் பிடித்து வைத்திருந்தேன்.