பெல்ட்டக்கா

விமானத்தில் அவளோடு வேலை பார்த்தவர்கள் அவளைப் பெல்ட்டக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பஸ் கண்டக்டரின் மகள். நெரிசலில் நெளிந்து போகவும், கோபப்படாமல் நச்சரிக்கவும் அப்பாவிடமிருந்து வந்த பழக்கம். தலைக்கு மேல் பெல்ட் விளக்கு அணைந்த பிறகும், உட்கார்ந்திருக்கும்வரை போட்டே வைத்திருங்கள் என்று வரிசை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். சிலர் முகம் சுளிப்பார்கள். வீட்டிலும் அதே கதைதான். கார் கிளம்புமுன் திரும்பி ஒவ்வொருவர் இடுப்பாகப் பார்ப்பாள். தெருமுனைக் கடைக்குப் போக இத்தனை சோதனையா என்று புருஷன் அலுத்துக்கொள்வார்.

அன்று பளிச்சென்ற வெயில். ஜன்னலில் ஒரு மேகம்கூட இல்லை. அவளும் அவள் தோழியும் காப்பி வண்டியை நடுப்பகுதி வரை தள்ளி வந்திருந்தார்கள். திடீரென்று மணி அடித்தது, விளக்கு எரிந்தது. வழக்கமாகக் குலுக்கல் வரப்போகிறது என்றால் கேப்டன் முன்கூட்டியே சொல்லிவிடுவார். இந்த முறை அவர் குரல் ஒலிபெருக்கியில் நறுக்கென்று வந்தது. பணியாளர்கள் எல்லோரும் இருக்கிற இடத்திலேயே உடனே உட்கார வேண்டும் என்றார்.

வண்டியைப் பின்னால் கொண்டுபோக நேரமில்லை. பிரேக்கை மிதித்தார்கள், சூடான கூஜாக்களை உள்ளே தள்ளி மூடினார்கள், கைக்கெட்டிய காலி இருக்கைகளில் விழுந்து பெல்ட்டை மாட்டினார்கள்.

நடைவழிக்கு அந்தப் பக்கம் ஓர் இளம் தாய் மடியில் கைக்குழந்தையோடு இருந்தாள். பால் கொடுப்பதற்காகத் தன் பெல்ட்டையும், அதோடு கோர்க்கும் குழந்தையின் சின்ன பெல்ட்டையும் கழற்றியிருந்தாள். இப்போது விமானம் ஆட ஆட அவளுக்கு எதுவும் கைக்கு அகப்படவில்லை. பெல்ட்டக்காவின் விரல் தன் கொக்கிக்குப் போய்விட்டது. எழுந்தால் இரண்டே எட்டு. ஆனால் குலுங்கும் விமானத்தில் நிற்கிற ஆள் கல் மாதிரி. தூக்கியெறிந்தால் யார் தலையில் விழும் என்று தெரியாது. விரலை எடுத்துக்கொண்டாள்.

"என்னைப் பாரும்மா. குழந்தையப் பக்கத்துல இருக்கிறவர்கிட்ட குடு. சார், இறுக்கிப் புடிச்சுக்குங்க."

பக்கத்தில் இருந்தவர் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டார். சின்ன பெல்ட்டின் வளையத்துக்குள் உன் பெல்ட்டை நுழைத்து மாட்டு, அப்புறம் குழந்தையை வாங்கி அதன் வயிற்றைச் சுற்றிப் போடு என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். கொக்கி பூட்டியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது.

அதற்குள் இரண்டு வரிசை முன்னால் ஒரு நீலச்சட்டைக்காரர், தலைக்கு மேல் கடகடவென்று ஆடிய சாமான் பெட்டியின் கதவை மூட எழுந்துவிட்டார்.

"டேய், உக்காருடா!"

பயணி ஒருவரை இத்தனை வருஷத்தில் அவள் 'டேய்' என்று அழைத்ததில்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அந்த நொடியில் விமானம் சரேலென்று கீழே இறங்கியது. அவர் தலை கூரையில் மோதியது, நடைவழியில் வந்து விழுந்தார். வண்டி எம்பி, சாய்ந்து, அவள் மணிக்கட்டில் இடித்தது.

அலறலுக்கு நடுவே அவர் முனகுவது கேட்டது. தோழி கொக்கியில் கை வைத்தாள்.

"இரு. கேப்டன் சொல்லட்டும்."

அவர் மனைவி நடைவழியோர இருக்கையிலிருந்து திரும்பினார்.

"பாத்துக்கிட்டே உக்காந்திருக்கீங்களே. மனுஷிதானா நீங்க?"

"இப்ப எழுந்தா நான் அவர் மேலதாங்க விழுவேன். நீங்க பெல்ட்டக் கழட்டாதீங்க. குனிஞ்சு அவர் சட்டைய முறுக்கிப் புடிச்சுக்குங்க. விடாதீங்க."

அந்த அம்மாள் பிடித்தார். கொஞ்ச நேரத்தில் விமானம் மறுபடி சரேலென்று இறங்கியது. நீலச்சட்டைக்காரரின் உடம்பு தரையிலிருந்து கிளம்பியது, ஆனால் பிடி விடவில்லை, இருந்த இடத்திலேயே விழுந்தார்.

கேப்டன் போகலாம் என்றதும் ஓடினாள். அவர் கழுத்து அசையாமல் தாங்கினாள், தோழி அவர் கையை மார்போடு சேர்த்துக் கட்டினாள். இறங்கும்வரை பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். அவள் மணிக்கட்டு வீங்கிக் கிடந்ததை ஆம்புலன்ஸ்காரர்தான் காட்டினார்.

அவருக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, தலையில் தையல். உயிருக்குப் பயமில்லை. ஆஸ்பத்திரி நடையில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தவளிடம் அவர் மனைவி வந்து உட்கார்ந்தார்.

"நீங்க எழுந்து வரலைன்னு அப்ப உங்களச் சபிச்சேங்க."

"நானும்தாங்க என்னையே சபிச்சுக்கிட்டேன்" என்றாள் அவள்.

கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய முதல் நாள், வண்டியின் பிரேக்கை மிதித்து, எடுத்து, மறுபடி மிதித்துப் பார்த்தாள். மறுமுனையில் தோழி காத்திருந்தாள். பிறகு பிரேக்கை எடுத்துவிட்டு இருவரும் தள்ளத் தொடங்கினார்கள்.