ஏறுவது அல்ல, இறங்குவது

ரன்வெய்க்குக்கு முப்பத்தொரு வயது. பகலில், மலைகளுக்கு நடுவே நீளும் கடற்கழியான எங்கள் ஃபியோர்டைக் கடக்கும் படகில் கார்களை வரிசைப்படுத்தி ஏற்றுவாள். மாலையில் ஊர் ஹேண்ட்பால் அணியில் இடது ஓரத்தில் ஆடுவாள். நான் அதே அணியின் கோல்கீப்பர். பிப்ரவரியில் ஒரு ஆட்டத்தில், யாரும் இடிக்காமலே, தாவி இறங்கிய இடத்தில் அவளுடைய வலது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. மார்ச்சில் அறுவை சிகிச்சை.

நவம்பர் வந்தபோது பயிற்சியாளர் ஐவின் பொறுமை இழந்திருந்தார். "குதிக்காம கால்ல வேகம் எப்படி வரும்? பயிற்சிப் பெட்டி மேல தாவி ஏறு, தானா வந்துடும்" என்றார்.

பிசியோ சுனிவா ஒப்புக்கொள்ளவில்லை. "குதிக்கவே வேணாம்னு நான் சொல்லல. இப்ப வேணாம்னுதான் சொல்றேன். ஒத்தக்கால்ல தாவச் சொன்னா, இடது கால் நூறு போனா வலது எண்பதுகூட போகல. வலது தொண்ணூறு வரட்டும், அப்புறம் குதிக்கலாம்."

ரன்வெய்க் உடைமாற்றும் அறையின் அலமாரிக் கதவை அறைந்து சாத்தினாள். "ஒருத்தர் குதிங்கறாரு, ஒருத்தி குதிக்காதங்கறா. இது என் காலா, ஊர்ப் பொதுச் சொத்தா?"

"நீ என்னடி நெனைக்கற?" என்றேன்.

"எனக்கே தெரியல. அதான் எரிச்சலா வருது."

அடுத்த செவ்வாய்க்கிழமை எல்லோருக்கும் முன்னதாக வந்துவிட்டாள். இரண்டு பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, இடுப்பு உயரத்துக்குத் தாவி ஏறுவதும் குதித்து இறங்குவதுமாக இருந்தாள். நான் உள்ளே நுழைந்தபோது இருபது தாண்டியிருந்தது.

"போதும்டி."

"ஏறறேன்ல? அப்புறம் என்ன?"

பூனை மாதிரிதான் ஏறினாள். இறங்கும்போது மட்டும் வலது முட்டி உள்பக்கமாகச் சரிந்தது. அதைப் பார்த்தும் நான் காலணி மாற்றப் போய்விட்டேன். மறுநாள் முட்டி ரொட்டி போல் வீங்கி, படகின் இரும்புப் படியில் அவளால் ஏற முடியவில்லை.

சுனிவா திட்டவில்லை. வீக்கம் வடிந்ததும், கணுக்கால் உயரப் படியிலிருந்து அவளை இறங்க வைத்துக் கைபேசியில் படம் எடுத்துக் காட்டினாள். வலது முட்டி சரிந்தது. அடிபடாத இடது முட்டியும் அதே மாதிரி சரிந்தது.

இத்தனை வருஷமும் தப்பாகவே இறங்கியிருக்கிறோம் என்ற கோபத்தோடு ரன்வெய்க் நேராக ஐவினிடம் போனாள். "பன்னெண்டு வயசுலேர்ந்து உன்கிட்ட குதிக்கறேன். எவ்வளவு உயரம்னு ஒவ்வொரு தடவையும் அளந்த. எப்படி இறங்கறேன்னு ஒரு தடவையாவது பாத்தியா?"

ஐவின் காப்பிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்களுக்கு யாரும் அதைச் சொல்லித் தரல" என்றார். மன்னிப்பு அவர் வாயிலிருந்து வரவில்லை. ஆனால் அந்த வாரமே மேல்பெட்டியைக் கிடங்கில் கொண்டுபோய் வைத்தார். கேட்டவர்களிடம் உடைந்துவிட்டது என்றார்.

அடுத்த ஐந்து வாரமும் அதே சின்னப் படிதான். சத்தம் வராமல் இறங்க வேண்டும். "கெழவிங்க செய்யற வேலை" என்று முனகிக்கொண்டே செய்தாள். பிறகு சிறு துள்ளல்கள், பிறகு ஒற்றைக்கால் தாவல். ஏப்ரல் சோதனையில் தொண்ணூற்றொன்று வந்தது. அதற்குள் நாங்கள் தோற்றுத் தோற்றுக் கீழ்ப் பிரிவுக்கு இறங்கியிருந்தோம்.

செப்டம்பரில், புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தில் பதினோரு நிமிடம் ஆடினாள். இரண்டு முறை உயரத் தாவினாள். இரண்டு முறையும் சுத்தமாக இறங்கினாள். பந்து ஒரு முறை கோல் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, மறுமுறை வெளியே போனது.

"இவ்வளவு பாடும் இதுக்குத் தகுமாடி?" என்று கேட்டேன்.

"குதிச்சுதான் போச்சு, குதிச்சுதான் வந்துச்சு. லாபமா நஷ்டமான்னு யாருக்குத் தெரியும்?" என்றவள் காலணியைக் கழற்றி வீசினாள். "ஆனா அந்தக் கம்பத்துல பட்டுச்சு பாரு, அதத்தான்டி தாங்க முடியல."