பட்டியல்ல இல்லாத பேரு

பாட்டையும் கதையையும் கம்ப்யூட்டர்ல ஏத்தி, எந்த வார்த்தை எத்தனை தடவை வருதுன்னு எண்ணச் சொல்லிக் குடுக்கறதுதான் என் வேலை. படிச்சுக்கிட்டே ஜூனியருங்களுக்கு கிளாஸ் எடுத்து வாங்கிக் கட்டிக்கிட்டவங்களுக்கு என் கடுப்பு புரியும்.

ஒரே கம்ப்யூட்டர்

மயிலாப்பூர்ல எங்க காலேஜ். இருபத்தாறு பேருக்கு ஒரே கம்ப்யூட்டர். செருப்பைக் கழட்டிட்டுத்தான் அந்த ஏசி ரூமுக்குள்ள போகணும். முத நாளு, "எவ்ளோ பெரிய பாட்டா இருந்தாலும் ரெண்டே நிமிஷத்துல எண்ணிடும்"னு பெருமை அடிச்சேன். மந்தைவெளி பத்மா கையைத் தூக்கினா.

"எண்ணி என்னக்கா பண்ணப் போறோம்? பாட்டைக் கேட்டாப் போறாதா?"

கேசட்

எண்ணறதுக்கு அச்சுல வராத பாட்டு ஒண்ணு வேணும்னாரு எங்க புரொபசர் சார். எல்லாரும் முழிச்சாங்க. எங்க வீட்ல ஒண்ணு இருந்துச்சு. கோட்டூர்புரத்துல ஆத்தோரம் எங்க வீடு. போன மழைக்குத் தண்ணி ஏறினப்ப என் தம்பி சேகர் போயிட்டான். அம்மா பாடின ஒப்பாரியை மாமா டேப்புல புடிச்சு வெச்சிருந்தாரு. கேட்டதும், "அவன் பேராவது காலேஜுக்குப் போவட்டும்"னு அம்மா குடுத்துட்டாங்க.

பசங்க ஒவ்வொரு வரியா நிறுத்தி நிறுத்திக் கேட்டு டைப் அடிச்சாங்க. பாதியில பத்மா எழுந்துட்டா.

"வேற யாரையாவது அடிக்கச் சொல்லுங்கோக்கா. நேக்கு கீ எதுவும் தெரியல, கண்ணு மறைக்கறது."

விதி

லிஸ்ட் வந்துச்சு. முத வார்த்தை சேகர். நாப்பத்தோரு தடவை. சார் பேனாவை எடுத்து மேல இருந்து பத்து வார்த்தையை அடிச்சாரு. 'ஒரு', 'அந்த', 'என்' மாதிரி அடிக்கடி வர்றதைத் தூக்கிட்டு மிச்சத்தைத்தான் பாக்கணுமாம்.

"'ஒரு'வும் என் தம்பியும் ஒண்ணா சார்?"னு கத்தினேன். அரை மணி நேரம் சண்டை. அவரு குரலே ஏறல.

"போன வாரம் நீயே கிளாஸ்ல சொல்லிக் குடுத்ததுதானேம்மா இது?"

சுவரு

டிபார்ட்மெண்ட் விழா அன்னிக்கு லிஸ்ட்டை சுவத்துல ஒட்டியிருந்தாங்க. அம்மா இருந்ததுலயே நல்ல புடவையைக் கட்டிக்கினு வந்தாங்க. எழுத்துக் கூட்டித்தான் படிப்பாங்க. தண்ணி, சட்டை, சோறு, கதவு... விரலை வெச்சு கடைசி வரைக்கும் போனாங்க. திரும்ப மேல இருந்து வந்தாங்க.

"எல்லாம் கீது. அவன் எங்கடி?"

நிறைய தடவை வந்ததால எடுத்துட்டாங்கம்மான்னேன். அம்மா லிஸ்ட்டையே பாத்துக்கினு இருந்தாங்க.

"அப்போ நான் கம்மியா கூப்ட்டிருக்கணுமாடி?"

இப்பவும் சனிக்கிழமை கிளாஸ் எடுக்கறேன், எந்த வார்த்தையைத் தூக்கணும்னு பசங்க கேட்டா மட்டும் சார்கிட்ட கேளுங்கன்னுட்டு டீ குடிக்க வெளிய போயிடறேன்.