வெறுங்கையோடு போகச் சொன்ன தவமணி டீச்சர்

பலாங்கொடையிலிருந்து எங்கள் தேயிலைத் தோட்டத்துக்கு ஏறி வருகிற காலை பஸ்ஸில்தான் செய்தி வந்தது. கண்டக்டர் சுனில் என்னைக் கண்டால் வாயைக் கிண்டாமல் விடமாட்டான், நானும் விடமாட்டேன். அன்றைக்கும் பள்ளிக்கூட வாசலில் பஸ் நின்றதும், "என்ன மல்லி, இன்னிக்கும் பஸ்ஸைத் தள்ளிக்கிட்டா வந்தே?" என்று கேட்டேன். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி. அவன் சிரிக்கவில்லை. இறங்கி வந்து, "அக்கே, அப்பே தவமணி டீச்சர் நெத்தி வுணா" என்றான். நம்ம டீச்சர் தவறிவிட்டார் என்கிறான். விளையாடாதே என்றேன். அவன் முகத்தைப் பார்த்த பிறகுதான் கையிலிருந்த விளக்குமாறைக் கீழே போட்டேன்.

டீச்சரின் நினைவுக் கூட்டத்துக்கு வந்திருக்கிற உங்களில் பாதிப் பேர் டீச்சரிடம் படித்தவர்கள், மீதிப் பேர் பிள்ளைகளை அவரிடம் விட்டவர்கள். நான் இரண்டிலும் சேர்த்தி இல்லை. மூன்றாம் வகுப்போடு நின்றவள். இந்தப் பள்ளிக்கூடத்தைக் கூட்டுகிறவள், மணி அடிக்கிறவள். என்னையும் இரண்டு வார்த்தை எழுதி வாசிக்கச் சொன்னீர்கள். பிழை இருந்தால் டீச்சர் மேல் பழியைப் போடாதீர்கள், அவர் எனக்குப் பாடம் எடுக்கவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி அவர் வந்த முதல் நாள் நல்ல மழை. வகுப்பில் பெயர் கூப்பிட்டுக்கொண்டிருந்தவர் காலைப் பார்த்தார். இரத்தம் உறிஞ்சுகிற அட்டை. ஒரே தாவலில் மேசை மேல் ஏறிவிட்டார். முதலில் சிரித்தது நான், பிறகுதான் பிள்ளைகள்.

"ஆர் முதல்ல சிரிச்சது?" என்று மேசை மேலிருந்தே கேட்டார்.

"நான்தாங்க டீச்சர்."

"அப்ப நீங்கள்தான் இதைக் கழட்டவேணும்."

சவர்க்காரக் கட்டியை நனைத்துத் தேய்த்து எடுத்துவிட்டேன். இறங்கி வந்து, "சிரிக்கிறது பிழையில்லை, செல்லம்மா. சிரிச்ச ஆள் கையையும் நீட்டவேணும்" என்றார்.

வீட்டோடு வீடு ஒட்டி நிற்கிற நம்ம லயங்களில் பிள்ளைச் சண்டை எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். காலையில் பென்சிலுக்கு அடித்துக்கொள்ளும், சாயங்காலம் தாய்மார் வாசலில் நிற்பார்கள், மறுநாள் மேட்டு லயமும் பள்ளத்து லயமும் பேசாது. டீச்சர் அதைப் பள்ளிக்கூடத்திலேயே நிறுத்தப் பார்த்தார். சண்டை போட்ட இரண்டு பேரையும் எதிரெதிரே நிறுத்துவார். "அவன்ர கதையை நீ சொல்லு. உன்ர கதையை அவன் சொல்லட்டும்" என்பார். ஒரு தடவை கிரிக்கெட் சண்டை. பேட்டைப் பறிகொடுத்தவன் பறித்தவனாக நின்று சொன்னான்: "நான் பேட்டைப் புடுங்கினேன். ஏன்னா அவன் மூணு தடவை அவுட்டாகியும் குடுக்கல..." சொல்லும்போதே தன் வண்டவாளம் வெளியே வருவது தெரிந்து வாயை மூடிக்கொண்டான். மற்றவன், "நல்லா சொல்றான் டீச்சர், இன்னும் சொல்லச் சொல்லுங்க!" என்றான். வகுப்பே சிரித்தது, அவர்களும் சிரித்தார்கள்.

தலைமை ஆசிரியர், எங்களுக்குப் பெரிய சேர், ஒரு நாள், "இது எந்தப் புத்தகத்தில் இருக்கு?" என்று கேட்டார். "புத்தகம் நாளைக்கும் இருக்கும் சேர். இந்தக் கோபம் வீட்டுக்குப் போனா வளர்ந்திடும்" என்றார் டீச்சர்.

இனிச் சொல்வது என் குற்றம். நாலாம் வகுப்பில் தேவி என்று ஒரு பிள்ளை. தாய் குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போன பிறகு தினமும் காலையில் பள்ளிக்கூடப் படியில் உட்கார்ந்து அழும். நான் ஆளுக்கொரு பட்டப்பெயர் வைக்கிறவள் அல்லவா, அந்தப் பிள்ளைக்கு 'பீலி' என்று வைத்தேன். லயத்தில் ஓயாமல் தண்ணீர் கொட்டுகிற பீலிதான். ஒரே வாரத்தில் பள்ளிக்கூடம் முழுக்க அந்தப் பெயர். அடுத்த வாரம் பிள்ளை வரவில்லை. மாதம் ஒன்றானது. பள்ளிக்கூடத்துக்குத்தான் போகவில்லையே என்று, கொழும்பில் ஒரு வீட்டில் குழந்தை பார்க்க அவளை அனுப்புவதாகத் தகப்பன் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கூட்டிப் போக ஆள் வரும் என்று பேச்சு.

வியாழக்கிழமை டீச்சர் என்னை நாலாம் வகுப்புக்குக் கூப்பிட்டார். திட்டவில்லை. "செல்லம்மா, தேவியின்ர கதையைச் சொல்லுங்கோ" என்றார், பிள்ளைகளிடம் சொல்கிற மாதிரியே.

வழக்கம்போல வேடிக்கையாகத்தான் தொடங்கினேன். "நான் தேவி. எங்கம்மா பிளேன்ல போயிருச்சு..." அதற்கு மேல் வேடிக்கை வரவில்லை. முப்பத்தைந்து பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "படியில உக்காந்தா அம்மா போன ரோடு தெரியும்" என்று எப்படியோ சொன்னேன். "அப்ப எனக்கு ஒரு பேர் வச்சாங்க." முன் வரிசையில் ஒருத்தி, "யாரு வச்சா?" என்று கேட்டாள். "நான்தான்" என்றேன்.

அன்று பள்ளி விட்டதும் ரொட்டியும் சம்பலும் பொட்டலம் கட்டிக்கொண்டு தேவி இருக்கிற மேட்டு லயத்துக்குக் கிளம்பினேன். நாமெல்லாம் அப்படித்தானே, தப்புச் செய்தால் வாயால் சொல்ல மாட்டோம், தின்ன எதையாவது கொண்டு போய்க் கொடுப்போம். டீச்சரும் கூட வந்தார். லயத்துக்குக் கீழே வந்ததும், "என்ன அது?" என்றார்.

"ரொட்டிங்க."

"அதை இஞ்ச தாங்கோ. வெறுங்கையோட போங்கோ. ரொட்டியைக் குடுத்தா நீங்கள் வாய் திறக்கமாட்டியள்."

"நீங்களும் வாங்களேன் டீச்சர்."

"நான் வந்தா அது என்ர மன்னிப்பாப் போயிடும்."

கல்லில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்துவிட்டார். நான் மட்டும் ஏறினேன். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தேவி கதவுக்குப் பின்னால் நின்றாள். தகப்பனும் இருந்தார். "நான் அந்தப் பேர் வச்சது தப்பும்மா. உன் மனசு எவ்வளவு கஷ்டப்பட்டிருக்கும். இனி யாரும் கூப்பிட மாட்டாங்க. ஸ்கூலுக்கு வா" என்றேன்.

தேவி கதவை விட்டு வெளியே வந்தாள். பிறகு, "உங்களுக்கும் நான் ஒரு பேர் வச்சிருக்கேன்" என்றாள்.

"என்ன பேரு?"

"உங்ககிட்ட சொல்ல மாட்டேன். நாளைக்கு டீச்சர்கிட்டதான் சொல்லுவேன்."

தகப்பன் என்னைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். "காலையில வெள்ளனே எழும்பணும் அப்ப" என்றார். அவ்வளவுதான்.

கீழே வந்தால் ரொட்டியில் ஒன்றுகூட மிச்சம் இல்லை. "சம்பலுக்கு உப்புக் காணாது" என்றார் டீச்சர். ஞாயிற்றுக்கிழமை வந்த ஆளைத் தகப்பன் தேத்தண்ணி கொடுத்துத் திருப்பி அனுப்பினார்.

இப்போதும் நான் பட்டப்பெயர் வைக்கிறேன், பொய் சொல்வானேன். வைத்துவிட்டு அந்தப் பிள்ளை சிரிக்கிறதா என்று பார்ப்பேன். சிரிக்காவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது. டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது இது ஒன்று, இன்னொன்றும் உண்டு. போன மாதம் என் மருமகளின் சமையலை நாலு பேர் முன்னால் கேலி பேசிவிட்டேன். அவள் கோபித்துக்கொண்டு கொடகவெலையில் தாய் வீட்டுக்குப் போய்விட்டாள். என் தப்பைச் சொல்ல வெறுங்கையோடு பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் நின்று என் கையைப் பார்த்தாள்.

"என்ன அத்தை, சும்மா வந்திருக்கீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன்.