இருபதாவது பிரசவம்

சந்திரிகாவுக்குப் பயிற்சியின் கடைசி ஆறு வாரமும் இருப்புக்கொள்ளவில்லை. 1984ஆம் ஆண்டு. மருத்துவச்சிப் பயிற்சி முடிய வேண்டுமானால், தன் கையால் இருபது பிரசவம் பார்த்ததாகப் பயிற்சிப் புத்தகத்தில் கையெழுத்து இருக்க வேண்டும். கடலுக்கு அந்தப் பக்கம், தீவிலிருந்த பெரிய ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்தபோது ஒரு கட்டிலைச் சுற்றி டாக்டருக்குப் படிப்பவர்களே நாலு பேர் நிற்பார்கள். கை நீட்ட இடமிருக்காது. பதினான்கு முடிந்த நிலையில் அவளை இக்கரையில் தாசேக் கெலுகோர் என்ற ஊர்ப் பக்கம் ஒரு சின்ன கிளினிக்குக்கு அனுப்பினார்கள். அங்கே கூட்டமில்லை. பிரசவமும் அதிகமில்லை. வாசலுக்கும் உள்ளுக்குமாக நடப்பாள். கொதிக்க வைத்த கத்தரிக்கோலை மறுபடி கொதிக்க வைப்பாள்.

"உக்காரு லா. நீ நடந்தா பிள்ளை வந்துருமா?" என்பார் கிளினிக்கைப் பார்த்துக்கொண்ட மூத்த நர்ஸ், மிஸ்ஸி நூர்ஜான்.

பயிற்சியின் கடைசி நாளுக்குள் பத்தொன்பது ஆகியிருந்தது. அன்று மதியம் மிஸ்ஸி வெளியே போயிருந்த நேரத்தில், ரப்பர் தோட்டத்து ஜெயலெட்சுமி வலியோடு வந்து இறங்கினாள். சந்திரிகா புத்தகத்தை மேசையில் எடுத்து வைத்துவிட்டுத்தான் ரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்று எழுபது. இருக்கவே கூடாத அளவு. திரும்பப் பார்த்தாள், அதேதான்.

"தலை வலிக்குதாக்கா?"

"காலையிலேர்ந்து மண்டையப் பிளக்குது மிஸ்ஸி. கண்ணு முன்னால பூச்சி பறக்குது. இங்கயே பெத்துக்கிறேன் லா, மூத்தவன் வீட்டுல தனியா இருக்கான்."

ஒரு மணி நேரம் வைத்திருந்தால் பிள்ளை பிறந்துவிடும் என்று சந்திரிகாவுக்குத் தோன்றியது. அப்படித் தோன்றியதே அவளைப் பயமுறுத்தியது. ஓடிப்போய் ஆம்புலன்சுக்குப் போன் செய்தாள்.

"முடியாதுக்கா. உங்களுக்கு ஜன்னி வந்துரும். ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகணும்."

கூடவே போனாள். ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் ஜெயலெட்சுமிக்கு உடம்பு வெட்டி இழுத்தது. டாக்டர்கள் ஊசி போட்டு, வயிற்றைக் கீறிப் பெண் குழந்தையை எடுத்தார்கள். இரண்டு உயிரும் பிழைத்தன.

"டாக்டர் எடுத்த பிள்ளைய உன் புக்குல எழுத முடியாதும்மா," என்றார் பயிற்சி ஆசிரியை வள்ளிநாயகி. "நீ செஞ்சது சரிதான். ஆனா அதுக்கு இதுல ஒரு கட்டமும் இல்லையே."

கூடப் படித்தவர்கள் வேலைக்குப் போனார்கள். சந்திரிகா இரண்டு மாதம் கழித்துத்தான் இருபதாவதைப் பார்த்துக் கையெழுத்து வாங்கினாள். சந்தோஷம் வரவில்லை, ஜெயலெட்சுமிக்கு ஒரு கட்டமும் இல்லாத அந்தப் புத்தகத்தின் மேல் ஆத்திரம்தான் வந்தது. எந்த ஊர் வேண்டும் என்று கேட்ட பாரத்தில் தாசேக் கெலுகோர் என்று எழுதிக் கொடுத்தாள். பதினோரு ஆண்டுகள் அங்கேதான் இருந்தாள். பிரசவத்துக்குக் கூப்பிட யாரோ வரும் மோட்டார்சைக்கிள் சத்தம் வாசலில் கேட்டால் போதும், பாதிச் சோற்றில் எழுந்துவிடுவாள் என்று அவள் கணவர் திருநாவுக்கரசு சொல்வார்.